புத்தளக் கரையோரத்தில் அடிமையும் ஊழியமும்

வடக்கே வில்பத்துக் காட்டிலிருந்து தெற்கே மகா ஓயாவின் கழிமுகம் வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரம், இலங்கையின் அடிமைமுறை வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதியாகவே இருந்து வந்துள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சாதிவழி அடிமைமுறை பற்றியும், கொழும்பில் ஒல்லாந்தக் கும்பனி வைத்திருந்த அடிமைகள் பற்றியும் எழுதப்பட்ட அளவுக்குக் கற்பிட்டி, புத்தளம், சிலாபம் ஆகிய துறைகளைப் பற்றி எழுதப்படவில்லை. இக்கரையில் அடிமை என்ற பெயருடன் ஏட்டிற் பதிவானோரைக் காட்டிலும், அப்பெயர் சூட்டப்படாமலே கட்டுண்டு உழைத்தோர் பலவகையினராய் இருந்தமையே அதற்கு ஒரு காரணம் எனலாம். ஊதியமின்றி வேலை செய்யக் கடமைப்பட்ட சோனகரும் செட்டிகளும், நிலத்தோடு பிணைந்த இராசகாரியக் குடிகளும், விலைக்கு வாங்கப்பட்டுச் சீருடை அணிவிக்கப்பட்ட ஆபிரிக்கச் சிப்பாய்களும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகுப்பினர் அல்லர். ஆயினும் எவர்க்கு, எங்கே, எவ்வளவு காலம் உழைப்பது என்பதைத் தாமே தீர்மானிக்க இயலாதவர்கள் என்ற வகையில் இவர்கள் அனைவரும் ஒரே வரலாற்றின் மாந்தர். சட்டம் அடிமை என்று குறித்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு போனால் இக்கரையின் கதை பாதியிலேயே நின்றுவிடும்.

கற்பிட்டித் தீபகற்பத்துக்கும் பெருநிலத்துக்கும் இடையே கிடக்கும் புத்தளம் களப்பு, கண்டி அரசுக்குக் கடல்வழி உலகோடு இருந்த வாயில்களுள் ஒன்றாகும். பாக்கு இவ்வழியே வெளியே சென்றது. உப்பும் துணியும் கருவாடும் உள்ளே சென்றன. கரும்புத் தோட்டமும் பருத்தித் தோட்டமும் இல்லாத இத்தகைய துறையில், அத்திலாந்திக் கரைகளில் காணப்பட்டதுபோல ஆயிரக்கணக்கானோரை ஒரே நிலத்தில் பூட்டி வேலை வாங்கும் அடிமைமுறைக்குத் தேவை எழவில்லை. இங்கே வேண்டியிருந்தவை சுமக்கும் தோள்களும், தோணி வலிக்கும் கைகளும், கோட்டைச் சுவரெழுப்பும் கூலியில்லா உழைப்பும், காவல் நிற்கும் ஆட்களுமே. இத்தேவையே கட்டுண்ட உழைப்பு இக்கரையில் எடுத்த வடிவங்களைத் தீர்மானித்தது.

1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்டுக் காற்றின் போக்கால் இக்கரையை அடைந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, மரச்சுவரும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த பத்தாலா என்னும் ஊரில் யாழ்ப்பாண மன்னனான ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டதாகக் குறிப்பிடுகின்றார். அவ்வூர் புத்தளம் என்பதே அறிஞர் பலரின் கருத்து. அதே பயண நூலில், கொழும்பில் கடலாட்சி செய்த ஜாலஸ்தி என்பவனிடம் ஏறத்தாழ ஐந்நூறு அபிசீனியர் இருந்தனர் என்ற செய்தியும் வருகின்றது. அபிசீனியர் என்பது இன்றைய எத்தியோப்பியாவையும் அதன் அண்டை நிலங்களையும் சேர்ந்தோரைக் குறிக்கும் பெயராகும். அக்காலத்து இந்துசமுத்திரத் துறைகள் பலவற்றில் அவர்கள் கப்பற் காவலராகவும் போர்வீரராகவும் விளங்கினர். அவர்களுள் விலைக்கு வாங்கப்பட்டோரும் இருந்தனர். ஐரோப்பியர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இலங்கையின் மேற்குக் கரையில் ஆபிரிக்கர் ஆயுதம் தாங்கி நின்றனர் என்பதற்கு இக்குறிப்புச் சான்றாகும்.

போர்த்துக்கேயர் வருகையோடு கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து கோவா வழியாக ஆட்களைக் கொண்டுவருவது வழக்கமாயிற்று. முஸ்லிம் அல்லாதாரைக் குறிக்க அரபு வணிகர் ஆண்ட சொல்லைப் போர்த்துக்கேயர் எடுத்து ஆபிரிக்கருக்கு இட்டனர். அதுவே தமிழில் காப்பிரி, காப்பிலி என வழங்கலாயிற்று. தென்னாபிரிக்காவில் கொடிய வசைச்சொல்லாகிவிட்ட அதனை, இலங்கையில் அம்மரபினர் தம் இனப்பெயராகவே ஏற்று வழங்கி வந்துள்ளனர். போர்த்துக்கேயரின் படைகளிலும் வீடுகளிலும் இவர்கள் இருந்தனர். கண்டிக்கு எதிரான போர்களில் முன்னணியில் நிறுத்தப்பட்டோருள் இவர்களும் அடங்குவர்.

1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லும் எசுப்பானியாவும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன என்பதும், இலங்கைக் கரையோரத்தின் மீது போர்த்துக்கேயரின் பிடி மிக இறுகிய காலமும் அதுவே என்பதும் இங்கு நினைக்கத் தக்கன. அந்த ஐபீரிய உலகில் அடிமைக்கு வழங்கிய எஸ்கிளாவோ என்னும் எசுப்பானியச் சொல், இடைக்காலத்தில் சிறைபிடித்து விற்கப்பட்ட சிலாவிய இனத்தவரின் பெயரிலிருந்து பிறந்தது. விலைக்கு வாங்கப்பட்ட மனிதனைச் சுட்டிய அதே சொல், ஆசைக்கோ கடமைக்கோ கட்டுப்பட்டவனையும், தெய்வத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த பக்தனையும் சுட்டலாயிற்று. அதன் வழிவந்த எஸ்கிளாவித்தூத் என்னும் அடிமைநிலைச் சொல் பக்தர் சங்கத்துக்கும் பெயராயிற்று. 1612ஆம் ஆண்டில் சீமோன் தெ ரோகாஸ் என்னும் துறவி மத்ரித் நகரில் மரியாளின் திருநாமத்தின் அடிமைகள் என்ற பெயரால் ஒரு சபையைத் தொடங்கினார். அரசவையைச் சேர்ந்தோரும் அதில் விரும்பிச் சேர்ந்தனர். அதே ஆண்டுகளில் கோவாவிலும் கொச்சியிலும் மணிலாவிலும் ஆபிரிக்கரும் வங்காளிகளும் மலையாளக் கரையினரும் விற்பனைப் பொருட்களாய் நின்றனர். இந்தியாவிற் பிடிக்கப்பட்டு மணிலாவில் விற்கப்பட்டு மெக்சிக்கோவின் புவெப்லா நகரை அடைந்த கத்தரீனா தெ சான் குவான் என்ற பெண், 1688இல் இறந்தபோது புனிதவதியாக அந்நகரத்தாரால் போற்றப்பட்டார். அச்சொல்லின் இரு பொருளையும் ஒரே வாழ்வில் சுமந்தவர் அவர். தன் விருப்பத்தால் அடிமை என்று கையொப்பமிட்ட பிரபுவுக்கும், கப்பலின் அடித்தட்டிற் கிடந்தவருக்கும் ஒரே பெயர் வழங்கியதை அக்காலத்தார் முரணாக உணரவில்லை. அடிமையுடைமை அவர்களுக்கு அவ்வளவு இயல்பான ஏற்பாடாய் இருந்தது.

தமிழ்ப் பக்தி உலகமும் இதற்குப் புறம்பானதன்று. சுந்தரமூர்த்தி நாயனாரைத் திருமணப் பந்தலில் தடுத்தாட்கொண்ட இறைவன் கையில் வைத்திருந்தது ஆளோலை, அதாவது ஒருவர் தம்மையும் தம் வழிவந்தோரையும் மற்றொருவருக்கு அடிமையாக எழுதிக்கொடுத்த ஆவணம் என்கின்றது பெரியபுராணம். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பளித்த முறையும் ஒரு நீதிமன்ற நடைமுறையாகவே அங்கு விவரிக்கப்படுகின்றது. வறுமையால் தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டோர் பற்றிச் சோழர்காலக் கல்வெட்டுகள் பேசுவதை நோக்கும்போது, புராணம் தான் அறிந்த ஓர் ஆவண வழக்கத்திலிருந்தே தன் உருவகத்தை எடுத்தது என்பது தெளிவாகின்றது. புத்தளக் கரையின் மக்கள் மூன்று சமயங்களின் மொழியிலும் இந்த உருவகத்தோடு வாழ்ந்து வந்தனர். உடப்பு திரௌபதியம்மன் கோயிலில் தீ மிதிப்போர் அடியார் எனப்பட்டனர். சோனகரின் அப்துல்லா என்ற பெயர் அல்லாஹ்வின் அடிமை எனப் பொருள்படும். கத்தோலிக்கரின் செபங்களில் மரியாள் ஆண்டவரின் அடிமை எனத் தம்மைச் சொல்லிக்கொண்டார். இவை அனைத்திலும் பணிவுக்கு உள்ள மதிப்பு, பணிபவரின் விருப்பத்திலிருந்தே பிறக்கின்றது. அவ்விருப்பம் மறுக்கப்பட்ட மனிதருக்குப் பக்தியின் மொழி ஆறுதலாக இருந்திருக்கலாம். விடுதலையாக இருந்திருக்க முடியாது.

கற்பிட்டியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1667 முதல் 1676 வரையான ஆண்டுகளில் அங்கே கோட்டை ஒன்றை எழுப்பினர். களப்பின் வாயிலில் நின்ற அக்கோட்டை, புத்தளத்துக்குச் செல்லும் ஒவ்வொரு தோணியையும் கண்காணிக்கவும், கண்டியின் பாக்கு வணிகத்தைத் தம் கைக்குள் கொண்டுவரவும் கட்டப்பட்டதாகும். புத்தளமோ கண்டி மன்னரின் துறையாகவே நெடுங்காலம் நீடித்து, 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னரே ஏனைய கரையோரத்தோடு ஒல்லாந்தர் கைக்கு வந்தது. ஒரு களப்பின் இரு கரைகளிலும் இரு வேறு அரசுகள் ஆண்ட இந்நிலை, கட்டாய உழைப்பின் விதிகளையும் இரண்டாக்கியது. கற்பிட்டியிற் கும்பனியின் கட்டளைகள் செல்லுபடியாயின. புத்தளத்தில் நிலமானியத்துக்கு ஈடாகச் செய்யப்படும் இராசகாரியம் நடைமுறையில் இருந்தது.

ஒல்லாந்தரின் அடிமைச் சட்டம் உரோமச் சட்டத்தைப் பின்பற்றியது. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை. தந்தை சுதந்திரர் என்பதால் பிள்ளையின் நிலை மாறாது. கொழும்பில் கும்பனிக்குச் சொந்தமான அடிமைகள் இரவில் அடைத்துவைக்கப்பட்ட இடம், இன்று கொம்பனித்தெரு எனப்படும் பகுதியாகும். ஆங்கிலத்தில் அதற்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் அடிமைகளின் தீவு என்றே பொருள்படும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சைச் சீமையைப் பஞ்சம் வாட்டியபோது, பசியால் தம்மை விற்றுக்கொண்டோரும் பிறரால் விற்கப்பட்டோருமாக ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் இறக்கப்பட்டனர். 1706, 1707ஆம் ஆண்டுகளில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டமோ கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று சில குலத்தாரையே அடிமைகளாக வரையறுத்தது. விலை, பஞ்சம், பிறப்பு என்னும் மூன்று வழிகளால் உண்டான அடிமைத்தனங்களை அச்சட்டங்கள் ஒரே சொல்லுக்குள் அடக்கின.

கற்பிட்டிக் கரையின் வாழ்வை இவற்றைவிட நெருக்கமாகத் தொட்டது ஊழியம் என்னும் ஏற்பாடாகும். சோனகரையும் செட்டிகளையும் இந்நாட்டுக் குடிகளாகக் கருதாது, வந்து தங்கியோராக வகைப்படுத்திய ஒல்லாந்தர், அவர்கள் இங்கு வாழ்வதற்கு ஈடாக ஆண்டில் குறிப்பிட்ட காலம் ஊதியமின்றிக் கும்பனிக்கு வேலை செய்ய வேண்டும் என விதித்தனர். சரக்கு ஏற்றி இறக்குவதும், சுமை காவுவதும், கோட்டை வேலைகளில் ஈடுபடுவதும் அதில் அடங்கும். பணம் செலுத்தி அவ்வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் வழியும் இருந்தமையால், வசதி படைத்த வணிகனுக்கு அது வரியாகவும், ஏழைச் சோனகனுக்கு அது உடலுழைப்பாகவும் அமைந்தது. பல தலைமுறைகளாக இக்கரையிற் பிறந்து, இக்கரையிலேயே அடங்கியோரின் பிள்ளைகளை வந்தேறிகள் என்று அழைத்து, அவ்வழைப்பையே வேலை வாங்குவதற்கான நியாயமாக்கியதுதான் இதன் மிகக் கொடிய கூறு. இன்று கிறிஸ்தவ சபைகளில் தேவ ஊழியம் என்று மதிப்போடு வழங்கும் அதே சொல், அக்காலத்துச் சோனகரின் செவியில் கும்பனிக் காவற்காரனின் அழைப்பாக ஒலித்தது.

1795இல் கற்பிட்டி பிரித்தானியர் வசமாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் அவர்கள் செய்த ஒரு காரியமே இக்கட்டுரையின் பொருளுக்கு மையமானது. 1798 முதல் 1805 வரை தேசாதிபதியாக இருந்த பிரெடெரிக் நோர்த், கண்டி அரசோடு போர் மூண்ட காலத்தில் படைக்கு ஆள் போதாமையால், போர்த்துக்கேயரின் கோவாவிலிருந்து ஆபிரிக்கரை விலைக்கு வாங்கிப் படையிற் சேர்க்க ஏற்பாடு செய்தார். அவருக்குப் பின் வந்த தோமஸ் மெயிற்லண்டு காலத்திலும் ஆபிரிக்கரைப் படைக்குச் சேர்ப்பது தொடர்ந்தது. ஐரோப்பியச் சிப்பாய்கள் காய்ச்சலில் மடிந்துகொண்டிருந்த நாட்டில், வெப்பத்தையும் காட்டையும் தாங்கக்கூடியோர் ஆபிரிக்கர் என்ற நம்பிக்கையும், உள்நாட்டில் உறவோ குலமோ இல்லாத ஆட்கள் பகைவர் பக்கம் சாயமாட்டார் என்ற கணக்கும் இதற்குக் காரணங்களாயின. மேற்கிந்தியத் தீவுகளிலும் பிரித்தானியர் இதே வழியைப் பின்பற்றி, 1795க்கும் 1808க்கும் இடையில் ஏறத்தாழ 13,400 ஆபிரிக்கரைத் தம் படையணிகளுக்கென விலைக்கு வாங்கினர். அடிமை வணிகத்தை ஒழிக்க வேண்டும் என்று இலண்டன் நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் வாதம் நடந்துகொண்டிருந்த வேளையில், அவ்வணிகத்தின் பெரிய வாடிக்கையாளர்களுள் ஒருவராக அதே அரசு நின்றது.

இவ்வாறு வாங்கப்பட்டோர் ஏடுகளில் அடிமைகள் என்று எழுதப்படவில்லை. படையாளர் என்றே எழுதப்பட்டனர். அவர்களுக்குச் சம்பளமும் சீருடையும் துப்பாக்கியும் உண்டு. ஆனால் பணியில் சேர்வதா வேண்டாமா என்று எவரும் அவர்களைக் கேட்டதில்லை. ஊர் திரும்பும் வழியும் திறந்திருக்கவில்லை. மொசாம்பிக் கரையிலிருந்து கோவாவுக்கும், கோவாவிலிருந்து இலங்கைக்கும், இலங்கையில் கோட்டைக்குக் கோட்டையும் அவர்கள் மாற்றப்பட்டனர். 1807ஆம் ஆண்டுப் படைச்சட்டம் பிரித்தானியப் படைகளுக்கென வாங்கப்பட்ட ஆபிரிக்கரைச் சுதந்திரர் என அறிவித்தது. எனினும் சுதந்திரர் என அறிவிக்கப்பட்ட சிப்பாய், பணிக்காலம் முடியும்வரை படையை விட்டு விலக இயலாதவனாகவே இருந்தான். அவனது நிலையை அடிமை என்பதா, கூலிப்படையாள் என்பதா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறுவது நேர்மையாகாது. வாங்கப்பட்ட முறையால் அவன் அடிமை, வேலையால் சிப்பாய், நாடு திரும்ப வழியில்லாமையால் நிரந்தரப் பிரவாசி. மலாய்ச் சிப்பாய்களோடும் பிறரோடும் இவர்கள் பிற்காலத்தில் இலங்கை றைபிள் படையணியிற் பணியாற்றினர். அப்படையின் ஒரு பிரிவு புத்தளத்தில் நிலைகொண்டது.

இதற்கிடையில் சட்டத்தின் வழியே அடிமைமுறை மெல்ல மெல்லக் கரைக்கப்பட்டது. 1806இல் அடிமைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி பிறந்தது. பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால், 1816 ஆகஸ்ட் 12ஆம் நாளுக்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரராவர் என அடிமையுடையோர் பலர் ஒப்புக்கொண்டனர். அரச இளவரசரின் பிறந்தநாள் என்பதாலேயே அந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. பேரரசெங்கும் அடிமைமுறையை ஒழித்ததாகப் புகழப்படும் 1833ஆம் ஆண்டுச் சட்டம், கிழக்கிந்தியக் கும்பனியின் நிலங்களையும் இலங்கையையும் சென் ஹெலினாத் தீவையும் தன் எல்லைக்கு வெளியே விட்டது. ஆகவே இலங்கையில் முழு ஒழிப்பு 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரை காத்திருந்தது. இராசகாரியமோ பிரித்தானிய அரசு அமைத்த கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832ஆம் ஆண்டின் அரச கட்டளையால் முன்னமே நீக்கப்பட்டிருந்தது. கூலிக்கு ஆள் கிடைக்கும் சந்தை ஒன்று தோன்ற வேண்டும் என்ற பொருளாதார எண்ணமும் அந்நீக்கத்துக்குப் பின்னே இருந்தமையால், மனிதநேயத்தை மட்டுமே அதற்குக் காரணமாகக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

1844இல் அச்சட்டம் நிறைவேறிய வேளையில் சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பாக இருந்தவர் கற்பிட்டியின் மைந்தரான சைமன் காசிச்செட்டி ஆவார். 1807இற் பிறந்து, புத்தளத்தில் மணியகாரராகப் பணியாற்றி, 1838 முதல் 1845 வரை அச்சபையின் உறுப்பினராக இருந்த அவர், 1834இல் வெளியிட்ட இலங்கை இடவிவரணத்தின் மூலமும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறாக வெளியிட்ட தமிழ் புளூட்டாக் மூலமும் அறியப்படுபவர். ஒல்லாந்தர் ஊழியம் விதித்த செட்டிகள் என்னும் வகுப்பினுள்ளிருந்தே வந்த ஒருவர், அரை நூற்றாண்டுக்குள் சட்டம் இயற்றும் அவையில் அமர்ந்தார் என்பது இக்கரையின் வரலாற்றில் ஏற்பட்ட மாற்றத்தின் அளவைக் காட்டும். இக்கரையின் ஊர்களையும் குலங்களையும் வழக்கங்களையும் பற்றி அவர் திரட்டிய செய்திகள் இல்லையேல், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தளத்தை அறிய இன்று வேற்று நாட்டு அதிகாரிகளின் அறிக்கைகளை மட்டுமே நம்பியிருக்க நேர்ந்திருக்கும்.

ஆயினும் 1844ஆம் ஆண்டுச் சட்டம் புத்தளத்து ஆபிரிக்கரின் வாழ்வில் எதையும் மாற்றவில்லை. சட்டப்படி அவர்கள் அடிமைகள் அல்லர் என்பதால், விடுவிப்பதற்கும் எதுவும் இருக்கவில்லை. அவர்களுடைய கட்டு அவிழ்ந்தது படையணி கலைக்கப்பட்டபோதுதான். 1873இல் இலங்கை றைபிள் படையணி கலைக்கப்பட, பணி முடிந்த ஆபிரிக்கச் சிப்பாய்களும் அவர்களின் குடும்பத்தாரும் புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிரம்பியடியில் குடியமர்ந்தனர். அவர்களுட் சிலருக்குப் புத்தளத்து உப்பளங்களில் வேலை கிடைத்தது. களப்பு நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றவிட்டு, படியும் உப்பை வாரிக் குவிக்கும் அந்த வேலை கடினமானதுதான். எனினும் கூலிக்குச் செய்யப்பட்டது, விரும்பாவிட்டால் விட்டுவிடக்கூடியது. மூன்று கடல்களுக்கு அப்பாலிருந்து வாங்கி வரப்பட்டோரின் வழியினர், எவரும் விடுதலைப் பத்திரம் கொடுக்காமலே, கூலியாட்களாகவும் குடியானவராகவும் இக்கரையோடு கலந்தனர். அடிமை ஒழிப்பின் வரலாறு சட்டங்களின் பட்டியலாக எழுதப்படும்போது இவர்களின் இடம் வெறுமையாகவே விடப்படுவது, அவ்வரலாற்றின் பெரிய குறைபாடாகும்.

சிரம்பியடி மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். வீட்டில் அவர்கள் பேசுவது இன்று சிங்களம். சுற்றுப்புறத்தாரோடு தமிழும் வழங்குகின்றது. மூதாதையரின் ஆபிரிக்க மொழிகளில் எதுவும் எஞ்சவில்லை. பல மொழியினராய் வந்த அவர்களைப் படைவாழ்வு ஒன்றாக்கியபோது அவர்களுக்குப் பொதுமொழியாக அமைந்தது போர்த்துக்கேயக் கிரியோல், அதாவது போர்த்துக்கேயச் சொற்களும் இலங்கை மொழிகளின் அமைப்பும் கலந்து உருவான கலப்புமொழி ஆகும். அம்மொழியும் அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்து, மஞ்ஞா எனப்படும் பாடல்களில் மட்டுமே நிலைத்துள்ளது. றபான், சிரட்டை, போத்தல், கரண்டி, மரக்கதிரை என்று வீட்டில் இருப்பவற்றையே இசைக்கருவிகளாகக் கொண்டு மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்துச் செல்லும் இப்பாடல்களை, திருமணங்களிலும் குடும்ப விழாக்களிலும் பெரியோரும் சிறியோரும் கூடிப் பாடுகின்றனர். இலங்கை முழுவதும் கொண்டாட்டங்களில் ஒலிக்கும் பைலாவும் காப்பிரிஞ்ஞாவும் இதே கிரியோல் மரபோடு உறவுடையவை. காப்பிரிஞ்ஞா என்ற பெயரிலேயே இம்மக்களின் இனப்பெயர் பதிந்துள்ளது. அண்மைக் காலத்தில் இம்மக்கள் குழுவாகச் சேர்ந்து ஊருக்கு வெளியேயும் மேடைகளில் மஞ்ஞா பாடி வருகின்றனர். இளையோர் பலர் சொற்களின் பொருளை முழுமையாக அறியாமலே மெட்டையும் உச்சரிப்பையும் பெரியோரிடமிருந்து செவிவழியாகக் கற்றுக்கொள்கின்றனர்.